வெஸ்ட் பாயின்டில் பேசப்படாதவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கித் தரும் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரி, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் 1802ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முதல் கறுப்பின மாணவர் அங்கே காலடி வைத்தது 1870இல். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிக்கப்பட்டு, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்திருந்த காலம் அது. அப்படியிருந்தும் 1889 வரை மூன்றே பேர்தான் அங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறினார்கள். நான்காமவர் வர 1936 ஆயிற்று. சட்டம் கதவைத் திறந்துவிட்ட பின்பும் உள்ளே இருந்தவர்கள் எப்படி அதைச் சாத்தி வைத்திருந்தார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அக்கல்லூரியில் சேரப் படிப்பு மட்டும் போதாது. பெரும்பாலான இடங்களுக்குக் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குக்கு வலிமை இருந்ததால் அந்தப் பரிந்துரைகள் கிடைத்தன. பின்னர் அந்த வாக்கு வன்முறையாலும் சூழ்ச்சியாலும் பறிக்கப்பட்டது, பரிந்துரைகளும் வற்றிப்போயின.

முதலில் வந்த ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித் நான்காண்டுகள் வசையையும் தனிமையையும் பொறுத்துக்கொண்டு, 1874இல் ஒரு தேர்வில் தோற்றதாகச் சொல்லப்பட்டு அனுப்பப்பட்டார். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹென்றி ஃபிலிப்பர் 1877இல் 76 பேரில் 50ஆவதாகத் தேறி, முதல் கறுப்பினப் பட்டதாரி ஆனார்.

ஃபிலிப்பரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜான்சன் விட்டேக்கரின் கதைதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. ஃபிலிப்பர் சென்றபின் பெரும்பாலும் தனியே இருந்த அவரை, 1880 ஏப்ரல் 6ஆம் தேதி காலை அவருடைய அறையில் கட்டிலோடு கட்டப்பட்டு, அடிபட்டு, காது அறுபட்டு, குருதி வழியக் கிடந்த நிலையில் கண்டார்கள். இரவில் முகமூடியிட்ட மூவர் தம்மைத் தாக்கியதாக அவர் சொன்னார். கல்லூரி நிர்வாகமோ, தேர்வுக்கு அஞ்சி அவரே தம்மைக் கட்டிக்கொண்டு காதையும் அறுத்துக்கொண்டார் என்று முடிவு கட்டியது. விசாரணை மன்றமும் அதையே சொன்னது. தம் பெயரைக் காத்துக்கொள்ள அவரே கேட்டுப் பெற்ற இராணுவ நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்றது. 1882இல் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் அத்தீர்ப்பை ரத்து செய்தார். ஆனால் பழைய தேர்வொன்றில் தவறியதைக் காரணம் காட்டி அதே நாளில் விட்டேக்கரைக் கல்லூரியிலிருந்து நீக்கினார் போர்த்துறைச் செயலர். அந்தச் செயலர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் ஜான் ஸ்கோஃபீல்டு. சுதந்திர நாட்டின் வீரர்களைப் போரில் நம்பத்தக்கவர்களாக்கும் ஒழுங்கு, கடுமையாலும் கொடுமையாலும் வருவதில்லை என்று அவர் மாணவர்களுக்கு உரையாற்றியது 1879 ஆகஸ்டில். எட்டே மாதங்களில் தம் பொறுப்பில் இருந்த ஒரு மாணவன் குருதியில் கிடந்தபோது, முழு விசாரணைக்கு முன்பே அவனையே குற்றவாளியாகக் கருதியவரும் அவர்தான். மாணவர்களின் வெறுப்பை விட, மேலிருந்தவர்கள் அதற்குக் கொடுத்த இடமே பெரிய குற்றம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த இடம் குறையவில்லை. 1932இல் பெஞ்சமின் டேவிஸ் சேர்ந்தார். அவரைப் பரிந்துரைத்தவர் சிகாகோவின் ஆஸ்கர் டி பிரீஸ்ட். அன்றைய காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர். பொய் சொன்னாலோ ஏமாற்றினாலோ ஒரு மாணவருக்குச் சக மாணவர்கள் விதிக்கும் தண்டனை ஒன்று அங்கே வழக்கத்தில் இருந்தது: கடமைக்கு அப்பால் அவரிடம் யாரும் பேசுவதில்லை. எந்தத் தவறும் செய்யாத டேவிஸுக்கு அத்தண்டனை நான்காண்டுகள் நீடித்தது. அறையில் அவருக்குத் துணை இல்லை. உணவு மேசையில் சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அவரிடம் ஒரு சொல் வரவில்லை. அதிகாரிகள் ஓர் ஆணையிட்டிருந்தால் ஒரே நாளில் நின்றிருக்கக்கூடிய கொடுமை இது. 1936இல் அவர் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார். பேச மறுத்த அதே வகுப்பின் ஆண்டு மலர் அவருடைய துணிவைப் புகழ்ந்து எழுதியது. விமானப் பிரிவில் சேர அவர் விண்ணப்பித்தபோது, அங்கே கறுப்பினப் படையணி இல்லை என்று மறுத்தார்கள். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் கறுப்பின விமானிகளின் படைக்குத் தலைமை தாங்கியவரும், 1954இல் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பினத் தளபதி ஆனவரும் அவரே.

படைகளில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்தார். கல்லூரியில் மாணவர் படையின் தலைமைப் பொறுப்புக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1980ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த வின்சென்ட் புரூக்ஸ் அந்த இடத்தைப் பெற்றார். கல்லூரித் தலைவராகவே ஒரு கறுப்பினத்தவர், டாரில் வில்லியம்ஸ், 2018இல்தான் பொறுப்பேற்றார்.

விட்டேக்கருக்கு அதிகாரிப் பதவி 1995இல் வழங்கப்பட்டது. அவர் மறைந்தது 1931இல். ஸ்மித்துக்கு 1997இல், அவர் இறந்து 121 ஆண்டுகளுக்குப் பின் வழங்கப்பட்டது. ஸ்கோஃபீல்டின் 1879 உரையின் அந்தப் பகுதியை முதலாண்டு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அவர்கள் அதை ஒப்பிக்கும் பாடத்திலேயே, அடுத்த ஏப்ரலில் விட்டேக்கருக்கு நேர்ந்ததையும் ஸ்கோஃபீல்டு அப்போது எடுத்த முடிவையும் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.