வேலையை விட்டவரின் அட்டைக்குக் கதவு ஏன் திறக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகம் போகிற பலருடைய கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. கதவருகே இருக்கும் ரீடரில் காட்டினால் ஒரு 'பீப்', பச்சை விளக்கு, கதவு திறக்கும். உள்ளே போய் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு. நம்மைப் பொறுத்தவரை இரண்டுமே ஒரே நிறுவனம் கொடுத்த அனுமதி. ஆனால் பல இடங்களில் கதவுப் பட்டியலை அட்மின் பிரிவோ செக்யூரிட்டி பிரிவோ வைத்திருக்கும். லாகின் பட்டியலை ஐ.டி. பிரிவு வைத்திருக்கும். இரண்டு பட்டியலும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் நான் வெகுநாளாகச் சொல்லிவருவது.

ஒருவர் வெள்ளிக்கிழமை வேலையை விடுகிறார் என்று வையுங்கள். ஹெச்.ஆர். பதிவில் கடைசி நாள் ஏறியதும் அவருடைய மெயில், லாகின் எல்லாம் அன்றைக்கே நின்றுவிடும். இதைச் செய்வதற்கென்றே 'ஐடென்டிட்டி கவர்னன்ஸ்' என்ற வகை மென்பொருள் இருக்கிறது. செயில்பாயின்ட், சவியின்ட் போன்றவை இந்த வகை. யாருக்கு என்ன அனுமதி, யார் கொடுத்தது, இன்னும் தேவையா என்று கேட்டுக்கொண்டே இருப்பது இதன் வேலை. ஆனால் அந்த அட்டை? யாராவது செக்யூரிட்டி பிரிவுக்கு மெயில் போட வேண்டும். அவர்கள் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலையிலும் அதே பீப், அதே பச்சை விளக்கு.

ஆகவே கதவையும் இந்த மென்பொருளோடு இணைத்துவிடுங்கள் என்கிறோம். சொல்வது சுலபம். இணைக்க உட்கார்ந்தால் முதல் தலைவலியே பெயர்தான். ஹெச்.ஆர். பதிவில் 'சுப்பிரமணியன் முருகன்'. கதவுப் பட்டியலில் 'எஸ். முருகன்'. பழைய அட்டையில் 'முருகன் எஸ்'. நம்மூர் இனிஷியல் பழக்கம் தெரியாமல் எழுதிய மென்பொருள் இவரை மூன்று பேராக எண்ணிக்கொள்ளும். அட்டை எண்ணை நம்பலாமா என்றால் அதிலும் சிக்கல். இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் 26 பிட் அட்டைகளில், அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் 26 மட்டுமே கொண்ட அட்டைகளில், எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட்தான். 65,535-க்கு மேல் போகாது. அதோடு எந்த இடத்து அட்டை என்று காட்டும் ஓர் இடக்குறியீடும் உண்டு, அது 255 வரை. இடக்குறியீட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு கிளைகளில் இரண்டு பேருக்கு ஒரே எண் இருக்கலாம். அதனால் ஊழியர் எண்ணை வைத்துத்தான் ஆளைப் பொருத்த வேண்டும். முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் இணையுங்கள்.

இணைத்தாகிவிட்டது, சரி. எவ்வளவு சீக்கிரம் செய்தி போகிறது? சில இடங்களில் ராத்திரி ஒருமுறை ஒரு ஃபைல் போகும், அவ்வளவுதான். மதியம் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் சாயங்காலம் வரை உள்ளே போய் வரலாம். நீக்கம் என்றால் அந்த நிமிடமே செய்தி போக வேண்டும். கதவுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, கண்ட்ரோலர் என்று ஒரு பெட்டி இருக்கும். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதுதான். அதற்கென்று சொந்தமாக ஒரு பட்டியல் உண்டு. மேலே சர்வரில் பெயரை எடுத்துவிட்டாலும் அந்தப் பெட்டிக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்றால் கதவு திறக்கத்தான் செய்யும்.

அப்படியானால் பெட்டிக்கு எதற்குத் தனிப் பட்டியல், ஒவ்வொரு தடவையும் மேலேயே கேட்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. 2021 அக்டோபர் 4 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாமே நின்றன. நம்முடைய நெட்டில் கோளாறு என்று மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! நடந்தது வேறு. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, இந்த மூன்றையும் நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து அவர்களுடைய முகவரிகளே இணையத்திலிருந்து மறைந்தன. உள்ளே பயன்படுத்தும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பித்தான் இருந்தன. ஊழியர்களின் அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை என்றும் அன்று செய்தி வந்தது. சரிசெய்ய வேண்டியவர்களை நேரிலேயே டேட்டா சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளே போவதற்கும் நேரம் பிடித்தது, ஏனென்றால் அந்தக் கட்டடங்கள் சுலபத்தில் நுழைய முடியாதபடி கட்டப்பட்டவை. சுமார் ஆறு மணி நேரம் போயிற்று.

அதனால் திரும்பவும் சொல்கிறேன். யாருக்கு அனுமதி என்பதை மேலே இருக்கும் மென்பொருள் சொல்லட்டும். திறப்பதா வேண்டாமா என்பதைக் கதவருகே இருக்கும் பெட்டியே முடிவு செய்யட்டும், நெட்வொர்க் போனாலும். தீ விபத்து என்றால் வெளியேறும் வழி யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த இணைப்பு ஃபயர் அலாரத்திலிருந்து நேராக வர வேண்டும்.

நேரம் குறைவாக இருக்கிறது என்று நிலையத்தார் காட்டுகிறார்கள். விரிவாகப் பேச நினைத்த இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இடம் மாறுபவர்கள். சர்வர் அறையில் வேலை பார்த்தவர் கணக்குப் பிரிவுக்குப் போனபிறகும் சர்வர் அறைக் கதவு அவருக்குத் திறக்கிறது. இணைத்துவிட்டால், மேலாளர் சரிபார்க்கும் அனுமதிப் பட்டியலில் அந்தக் கதவும் ஒரு வரியாக வந்து நிற்கும். இன்னொன்று, ஒப்பந்தத் தொழிலாளர்கள். துப்புரவு, கேன்டீன், ஏ.சி. மெக்கானிக் என்று தினமும் வருகிறவர்களின் பெயர் பெரும்பாலும் ஹெச்.ஆர். பதிவிலேயே இருக்காது. அமெரிக்க அரசு 2004-இல் தன் ஊழியர்களுக்குப் பொதுவான ஓர் அடையாள அட்டைக்கு ஆணையிட்டபோது ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்தே ஆணையிட்டது. இங்கும் அவர்களுக்கு ஒரு பதிவு வேண்டும், பொறுப்பேற்க ஓர் அதிகாரி வேண்டும், அட்டைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். ஒப்பந்தம் நீண்டால் அந்த அதிகாரி தேதியை நீட்டித்துக் கொடுக்கட்டும். வணக்கம்.