மதில் மேல் மழை

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். வீட்டைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வீட்டைச் சுற்றி நிற்கும் சுவரைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அதனால் இன்றைக்கு மதில், முற்றத்துச் சுவர், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, சுவரும் தரையும் சந்திக்கும் இடம், நேரம் இருந்தால் கேட். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் போய் நிற்பது இந்த இடங்களில்தான்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? வீட்டின் பிளானை மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறோம். சமையல் மேடை எந்தப் பக்கம், எத்தனை ஸ்விட்ச், எல்லாம் பேசியாகிவிடும். மதிலுக்கு அந்தப் பிளானில் ஒரு கோடு. வீடு முடிந்து, கையில் இருந்த பணமும் பொறுமையும் கரைந்த பிறகு, மேஸ்திரி வந்து கேட்பார்: "சுவர் எவ்வளவு உயரம் வைக்கட்டும் சார்?" "ஒரு ஆள் உயரம் வச்சிடுங்க." அவ்வளவுதான், மதிலின் டிசைன் முடிந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் வாழ்நாள் முழுக்க நாம் பார்க்கப்போவது அந்தச் சுவரைத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெருப்பக்கம் தெரியும் முகத்துக்குத்தான் எல்லோரும் செலவு செய்கிறார்கள். கல் பதிப்பார்கள், வேலைப்பாடு வைப்பார்கள். தெருவில் போகிறவர் அதைப் பார்ப்பது அரை நிமிடம். உள்பக்கம் வெறும் பூச்சோடு, சில சமயம் பூச்சுகூட இல்லாமல், விட்டுவிடுவார்கள். கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் அதை உள்முகத்துக்குச் செலவிடுங்கள் என்பேன்.

உயரத்துக்கு வருவோம். மண் வேலை தொடங்கும் முன்பே மனையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். முற்றத்தில் நீங்கள் உட்காரப்போகும் அதே இடத்தில். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். எதிரே தெருவும் நீங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால், நாலரை அடிச் சுவரே உங்கள் பார்வையிலிருந்து தெருவின் பெரும்பகுதியை மறைத்துவிடும். நடக்கிறவர்களின் பார்வையையும் மறைக்க வேண்டும் என்றால்தான் 6 அடி. அப்புறம் வெயில் கணக்கு. சூரியன் பாதி வானத்தில், அதாவது 45 டிகிரியில் நிற்கும்போது, சுவர் எவ்வளவு உயரமோ நிழலும் அவ்வளவு நீளம். 30 டிகிரிக்கு இறங்கினால் நிழல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. 6 அடிச் சுவருக்கு 10 அடிக்கு மேல் நிழல். முற்றமே 8 அடி அகலம்தான் என்றால், அந்த நேரத்தில் அந்தப் பக்கத்து வெயில் தரையைத் தொடாது. வெப்பமான ஊரில் அது பெரிய லாபம். குளிர் ஊரில், ஈரம் காயாத ஊரில் அது தொல்லை. ஆகவே நாலு பக்கமும் ஒரே உயரம் என்று பிடிவாதம் வேண்டாம். உள்ளாட்சி விதி எவ்வளவு உயரம் வரை அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் எந்தப் பக்கம் மறைக்க வேண்டும், எந்தப் பக்கம் வெயில் வர வேண்டும் என்று பார்த்துச் சுவரை ஏற்றி இறக்குங்கள்.

முற்றம் வைத்த வீடு மனிதனுக்கு மிகப் பழைய பழக்கம். 4000 ஆண்டுகளுக்கும் முந்தைய மொகஞ்சதாரோவில், நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், பெரிய தெருவைப் பார்த்த பக்கம் வெறும் சுவர் என்று வீடுகள் இருந்திருக்கின்றன. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தச் சுவர்கூட இல்லை, வடிகால்தான். வீட்டுக்குள் சேரும் தண்ணீர் சந்திலுள்ள செங்கல் வடிகாலுக்குப் போக வழி வைத்திருந்தார்கள். தண்ணீர் எங்கே விழும், எங்கே போகும் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். நானும் அந்தக் கேள்வியைத்தான் இன்று திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்.

சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். அது இரண்டு வழியாக வரும். மேல்விளிம்பு வழியாக இறங்கும், அடியிலிருந்து ஏறும். இந்த இரண்டு இடத்தையும் சரியாகச் செய்துவிட்டால் நடுவில் இருக்கும் சுவர் அது பாட்டுக்கு நிற்கும்.

மேல்விளிம்பு. வீட்டின் சுவருக்குக் கூரை இருக்கிறது, மதிலுக்கு இல்லை. மழை நேராக அதன் தலையில் விழுகிறது. நம்முடைய பெரும்பாலான மதில்களின் உச்சி தட்டையாக, பூச்சு வழித்து விட்டபடி இருக்கும். அதில் தண்ணீர் தேங்கும், மயிரிழை விரிசல் வழியாக உள்ளே இறங்கும். மீதித் தண்ணீர் உச்சியில் படிந்த தூசியையும் கரைத்துக்கொண்டு சுவரின் முகத்தில் வழியும். புதிதாக வெள்ளை அடித்த மதிலில் ஒரே மழைக்காலத்தில் கறுப்புக் கறுப்பாக நீளக்கோடு விழுகிறதே, அது இப்படி வந்ததுதான். பெயிண்ட் சரியில்லை என்று மறுபடி அடிப்பார்கள். மறுபடி கோடு விழும். பெயிண்ட் மேல் குற்றமே இல்லை.

இதற்கு மருந்து, சுவர் உச்சியில் ஒரு மூடு பலகை. கல்லாகவும் இருக்கலாம், கான்கிரீட்டாகவும் இருக்கலாம். சுவரைவிட இரு பக்கமும் ஒன்றரை, இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடிவிட ஒரு சரிவு, இருக்க வேண்டும். உள்பக்கமாக வாட்டம் வைத்தால் தெருமுகம் சுத்தமாக இருக்கும், தண்ணீரும் நம் மண்ணிலேயே விழும். சரி, நீட்டினால் போதுமா? போதாது. இங்கேதான் நான் எப்போதும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து மிக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் நேராகக் கீழே விழாது. டம்ளரின் விளிம்பைச் சுற்றித் திரும்பி, வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, உங்கள் கைக்கே வழியும். நீட்டிய பலகையிலும் அதேதான் நடக்கிறது. ஓரத்துக்கு வந்த துளி கீழே விழாமல், பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டியபடி நகர்ந்து மறுபடி சுவருக்கே வந்து சேர்கிறது. அதைத் தடுக்க, பலகையின் அடியில், ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இழுத்துவிட வேண்டும். அரை அங்குல அகலம் போதும். ஒட்டிக்கொண்டு வரும் துளி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தயங்கும், கனம் கூடும், சொட்டென்று விழும். சுவரைத் தொடாது.

இந்தப் பள்ளக்கோட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான கொத்தனார். சன்ஷேடு அடியில் பூச்சு போடும்போது ஓரத்துக்கு ஓரங்குலம் உள்ளே ஒரு கம்பியை ஈரப் பூச்சில் அழுத்திப் பதிப்பார். பூச்சு இறுகும் பதம் பார்த்து, கம்பியை ஒரு முனையிலிருந்து மெல்ல உருட்டி எடுப்பார். கோடு நூல் பிடித்தது போல வரும். வேலை முடிந்தது என்று எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவர் மட்டும் ஒரு வாளித் தண்ணீரோடு ஏணியில் ஏறுவார். சன்ஷேடின் மேல் குவளை குவளையாக ஊற்றிவிட்டு, வேகமாக இறங்கி, அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். துளிகள் ஒரே வரிசையில் சொட்டினால் அடுத்த ஜன்னலுக்குப் போவார். ஒரு துளி கோட்டைத் தாண்டி சுவருக்கு ஓடி வந்தால், அந்த இடத்தைக் கரிக்கட்டையால் வட்டம் போட்டுவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுவார். மேஸ்திரி முணுமுணுப்பார், நேரமாகிறது என்பார். இவர் காதில் வாங்க மாட்டார். மழை பார்க்கும் முன்னால் நான் பார்த்துவிடுகிறேன் என்பார். அவர் கைபட்ட சுவர்களை இன்றும் நான் போய்ப் பார்ப்பது உண்டு. சன்ஷேடுக்குக் கீழே கோடு கிடையாது.

உங்கள் வீட்டு வேலைக்கும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு. சுவரின் உச்சி, சன்ஷேடு, ஜன்னலின் கீழ்ப்படி, மூன்றிலும் ஊற்றிப் பாருங்கள். ஜன்னலின் கீழ்ப்படியில் இன்னொரு விஷயம்: அதன் இரு முனைகளிலும் தண்ணீர் பக்கவாட்டில் நழுவிச் சுவரில் இறங்கும். ஜன்னலின் இரண்டு கீழ்மூலையிலிருந்தும் மீசை மாதிரி கறை இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். படியின் முனைகளைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, தண்ணீர் முன்பக்கமாக மட்டும் விழும்படி செய்தால் அந்தக் கறை வராது.

இப்போது அடிப்பக்கம். மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும்போது சேற்றோடு சுவரில் அடிக்கிறது. சுவரின் கடைசி ஓரடி எப்போதும் அழுக்காக இருப்பது அதனால்தான். அந்த ஓரடிக்குக் கல்லோ, கழுவக்கூடிய வேறு பொருளோ போடுங்கள். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தரைக்குப் பதிலாக ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக்கல் பரப்பினால் தெறிப்பு வெகுவாகக் குறையும். தரை சுவரைவிட்டு விலகிச் சரிய வேண்டும். 10 அடிக்கு அரை அடி இறக்கம் என்பது நல்ல கணக்கு. தரை மட்டத்திலிருந்து அரையடிக்குக் குறையாத உயரத்தில் ஈரத்தடுப்பு வரிசை, அதாவது ஈரம் ஊடுருவாத ஒரு அடுக்கு, போட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும். ஏறும் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பொரிய வைத்து உதிர்க்கும். சரி, தடுப்பு வரிசை போட்டாயிற்று. ஐந்து வருடம் கழித்து பூச்செடி வைக்கிறேன் என்று அதற்கு மேலே வரை மண்ணைக் குவிக்கிறார்கள்! அப்புறம் அந்தத் தடுப்பு இருந்தும் பயனில்லை. செடிக்குத் தனித் தொட்டி வையுங்கள், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள்.

பக்கத்து மனை உயரமாக இருந்து, சுவர் மண்ணையும் தாங்க வேண்டியிருந்தால், அது மதில் கணக்கில் வராது. அதைப் பொறியாளரிடம் கொடுங்கள். மண்ணைவிட அதில் ஊறி நிற்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். சுவரின் பின்னால் சரளை போட்டு, அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டே ஆக வேண்டும்.

தனியாக நிற்கும் சுவருக்கு இன்னொரு எதிரி காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் விழும் தள்ளுவிசை நாலு மடங்கு. மெல்லிய நேர்ச்சுவருக்கு இடையிடையே தூண் வைப்பது இதற்காகத்தான். இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன், ஜனாதிபதியாக இருந்தவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை வடிவமைத்தபோது தோட்டச் சுவர்களை வளைந்து வளைந்து போகும்படி கட்டினார். ஒரே வரிசைச் செங்கல், அதன் குறுக்கு அகலம்தான் சுவரின் கனம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலும் இப்படிப் பழைய சுவர்கள் இருக்கின்றன. அவ்வளவு மெல்லிய சுவர் எப்படி நிற்கிறது? வளைவு எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய் வருகிறதோ, அவ்வளவு அகலமான காலூன்றல் அதற்குக் கிடைக்கிறது. நேர்ச்சுவரைவிட நீளம் கூடும், உண்மைதான். ஆனால் இரட்டைக் கனத்தில் நேராகக் கட்டும் சுவரைவிடச் செங்கல் குறைவு. இடம் இருக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். அந்தக் குழிவுகளில் ஒரு மரமோ ஒரு பெஞ்சோ வைக்கலாம்.

காற்றைச் சுத்தமாக அடைத்துவிட்டால் உள்ளே அமைதியாக இருக்கும் என்று நினைப்போம். முழுச் சுவரில் மோதும் காற்று மேலேறிக் குதித்து, சுவருக்குப் பின்னால் சுழன்றடிக்கும். பாதி திறந்த துளைச்சுவர் காற்றை வடிகட்டி அனுப்பும், உட்கார இதமாக இருக்கும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி எத்தனை அழகான துளைச்சுவர்கள் கட்டினார்! திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடத்தில் பார்க்கலாம். ஜன்னல் கம்பி, கண்ணாடி எதுவும் இல்லாமல் வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன.

நீளமான மதிலை ஒரே துண்டாகக் கட்டாதீர்கள். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் தனக்குத் தானே இடம் செய்துகொள்ளும், அதைத்தான் விரிசல் என்கிறோம். 20 அடிக்கு ஒரு இடத்தில் மேலிருந்து கீழ் வரை இணைப்பு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்துவிடுங்கள். மூடு பலகையிலும் அதே இடத்தில் இடைவெளி வர வேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். கேட் பற்றி நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். கேட் தூணுக்குள் இரும்பை அப்படியே புதைக்காதீர்கள். துருப்பிடித்த இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், தூணையே பிளந்துவிடும். துருத்தடுப்புப் பூச்சு பூசிய இரும்பு வையுங்கள், அடியில் தண்ணீர் நிற்காமல் பாருங்கள். கேட் திறக்கும் பக்கம் தரை ஏறினால் கேட் உரசும், அதனால் தரை மட்டத்தை முடிவு செய்த பிறகே கீலின் உயரம். வாசலுக்குக் குறுக்கே கம்பிவலை போட்ட ஒரு கால்வாய், தெருத் தண்ணீர் உள்ளே வராமல். விளக்கு, அழைப்பு மணி, தோட்டத்துக் குழாய், எல்லாவற்றுக்கும் பைப்பைப் பூச்சு வேலைக்கு முன்பே பதித்துவிடுங்கள். விளக்கின் வெளிச்சம் கீழே பார்த்து விழட்டும், கண்ணில் அடிக்க வேண்டாம். அப்புறம் அந்த ஒரு வாளித் தண்ணீர், மேஸ்திரிக்குக் கடைசிப் பணம் கொடுக்கும் முன்பே ஊற்றிப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.