வயிறு தள்ளாத மரத்தொட்டி

வணக்கம், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேசுகிறேன். மீன் வளர்த்து, அந்தத் தண்ணீரிலேயே செடியும் வளர்க்க மரத்தில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறேன். பின்னால் தெரிகிறதே, இது இரண்டாவது தொட்டி. முதல் தொட்டி உடைந்துவிட்டது. ராத்திரி 11 மணிக்கு ‘டப்’பென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் கொல்லை முழுக்கத் தண்ணீர், அம்மா காய வைத்திருந்த மோர் மிளகாய் அதில் மிதக்கிறது. நல்லவேளை, மீன் விடவில்லை.

தப்பு என்னுடையதுதான். பலகை தடிமனாக இருந்தால் போதும் என்று 19 எம்எம் பிளைவுட் வாங்கி, மூலைகளை ஆணி அடித்துச் சேர்த்திருந்தேன். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீளப் பக்கத்தின் நடுப்பகுதி வயிறு தள்ளித் தள்ளி, மூலையில் இருந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 1,800 லிட்டர். அந்த 8 அடிப் பக்கம் ஒன்றை மட்டும் ஏறக்குறைய 450 கிலோ அளவுக்குத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. உயரத்தை 4 அடியாக்கினால் அது இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகிவிடும். அதனால் மீன் தொட்டியை ஆழமாகக் கட்ட ஆசைப்படாதீர்கள், அகலமாகக் கட்டுங்கள்.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். மேல் விளிம்பைச் சுற்றி ஓடுகிறதே, இந்தச் சட்டம்தான் தொட்டிக்கு அரைஞாண். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படியோ, அப்படி. 3க்கு 2 இன்ச் வேப்பஞ்சட்டம். 2011 டிசம்பரில் தானே புயலில் சாய்ந்த எங்கள் வேம்பை அறுத்துப் போட்டு வைத்திருந்தோம், நன்றாகக் காய்ந்த மரம். சட்டத்தை நிமிர்த்தி வைக்கவில்லை, படுக்க வைத்திருக்கிறேன், கவனியுங்கள். தண்ணீர் தள்ளுவது பக்கவாட்டில். 3 இன்ச் பக்கம் அந்தத் திசையில் இருந்தால் இதே மரம் இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும். காசு கூட ஆகாது, திருப்பி வைத்தால் போதும்.

மூலையில் இரண்டு சட்டங்களையும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைத்து, போல்ட்டும் வாஷரும் போட்டு முறுக்கியிருக்கிறேன். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் குறுக்கே ஒரு சட்டம் இரண்டு நீளப் பக்கங்களையும் இழுத்துப் பிடிக்கிறது. குனிந்து மீன் பிடிக்கும்போது இடிக்கத்தான் செய்யும், இடிக்கட்டும்.

அடியில் ஹாலோ பிளாக் மூன்று வரிசை. காற்றோட்டமும் இருக்கும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும். நம்மூர் மணல் தரை இறங்கும் என்பதால் திமிசு போட்டு இறுக்கிய பிறகு ரசமட்டம் பார்த்தேன். மொட்டை மாடியில் வைக்கலாமா என்றால், வேண்டாம். வீட்டு மாடியைச் சதுர மீட்டருக்கு 150, 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் போடுவார்கள். இது நிரம்பினால் சதுர மீட்டருக்கு 600 கிலோ.

தண்ணீர் மரத்தைத் தொடவே கூடாது. உள்ளே 500 மைக்ரான், அதாவது அரை எம்எம் தடிமனில், பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட், ஒரே துண்டு, 13க்கு 9 அடி. மூலையில் வெட்டாமல், ஹோட்டலில் பொட்டலம் கட்டுகிற மாதிரி மடித்துச் செருகியிருக்கிறேன். ஷீட் விறைப்பாக இருந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. வெளிப்பக்கம் இரண்டு கை பெயின்ட். பிளைவுட்டின் வெட்டு ஓரம்தான் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் ஓரத்துக்கு மட்டும் மூன்று கை. தொட்டியில் துளையே போடவில்லை. பம்ப் தண்ணீரை மேலே ஜல்லி நிரப்பப் போகிற செடிப் படுக்கைக்கு ஏற்றும், அது வழிந்து தானாகத் தொட்டிக்குத் திரும்பும்.

சரி, நிரப்பிப் பார்த்த கதை. ஒரே மூச்சில் நிரப்பவில்லை. அரை அடி விடுவது, ஒரு ராத்திரி காத்திருப்பது, மறுபடி அரை அடி. ஒவ்வொரு தடவையும் மூலைக்கு மூலை நூல் கட்டி, நடுவில் பலகை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தேன். பழைய தொட்டியில் நான்கு விரற்கடை. இதில், இதோ, 21 இன்ச் தண்ணீர் நிற்கிறது. தள்ளியது ஒரு தீக்குச்சித் தடிமன். நாலு நாளாக அதே தீக்குச்சிதான்.

மீன் உடனே விடப் போவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஜல்லியில் குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். அந்த ஜல்லியைத்தான் அடுத்த வீடியோவில் கழுவப் போகிறேன். வாங்கும்போது இரண்டு கல்லை எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அந்த லோடை இறக்க விடாதீர்கள்.