பாதியா, முழுசா?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று கால் மணி நேரம் பேசச் சொல்லி அழைத்தார்கள். அழைப்பு வந்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு நீல நிற டிரம். கோயம்புத்தூரில் நான் தாவரவியல் படித்த காலத்தில் எங்கள் விடுதி மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அது நிற்கும். சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டில் மிச்சம் இருப்பதை அதன் விளிம்பில் ஒரு தட்டு தட்டிக் கொட்டிவிட்டுப் போவோம். உள்ளே என்ன கிடக்கிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

இரண்டாம் ஆண்டில் என்னை மெஸ் செயலாளராகப் போட்டார்கள். விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், பல இடங்களில் டிவைடிங் சிஸ்டம்தான். அரிசி, பருப்பு, காய், கேஸ், சமையல் ஆட்களின் சம்பளம் என்று மாதச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று பார்த்து வகுத்துவிடுவார்கள். அதாவது நான் கொட்டிய சோற்றுக்குப் பக்கத்து அறைப் பெண்ணும் சேர்ந்துதான் காசு கட்டுகிறாள். கணக்கு நோட்டு என் கைக்கு வரும்வரை இது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த மாதம் பில் ஏறிவிட்டது என்று எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மளிகைக் கடை அண்ணனிடம் ஒரு தொங்கு தராசைக் கேட்டு வாங்கிவந்து, ஒருநாள் ராத்திரி அந்த டிரம்மை நிறுத்துப் பார்த்தோம்.

முந்நூறு பேர் சாப்பிடும் மெஸ். மூன்று வேளைக்கும் சேர்த்து, டிரம்மின் எடை போக 38 கிலோ இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 125 கிராம் சொச்சம், ஒரு பெரிய கைப்பிடி சோறு. இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான், யாரும் அநியாயமாக எதையும் கொட்டவில்லை. ஆளாளுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். யாரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் "நான் எங்கேப்பா வீணாக்குறேன்" என்றுதான் சொல்லியிருப்பாள், அது பொய்யும் இல்லை.

முதலில் நாங்களும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். "உணவை வீணாக்காதீர்கள்" என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினோம். டிரம்மின் எடை கொஞ்சம்கூட இறங்கவில்லை. அப்புறம்தான் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், ஏன் மிச்சம் வைக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தோம். பாதிப் பேர் சொன்ன பதில் நான் எதிர்பார்க்காதது. ராத்திரி எட்டரைக்கு மேல் வந்தால் பொரியல் இருக்காது, இரண்டாம் முறை போனால் ரசம்தான் கிடைக்கும், அதனால் முதல் தடவையே தேவைக்கு மேல் வாங்கிவைத்துக்கொள்கிறோம் என்றார்கள். மறுபடி கிடைக்காது என்ற பயத்தில்தான் தட்டு நிறைந்திருக்கிறது. பயத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் அட்டையை மாட்டி என்ன பிரயோசனம்?

சமையற்கட்டில் பேசினோம். ஒன்பது மணிவரை பொரியல் இருக்கும்படி ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைப்பது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகிறவர்கள் முந்தின நாளே ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது, அந்த எண்ணிக்கைக்குத் தகுந்தாற்போல் அரிசி போடுவது, இது இரண்டாவது. மூன்றாவது மாற்றம் பரிமாறுகிற அக்கா தானாகச் செய்தது. அதுவரைக்கும் அவர் ஒரு கரண்டி நிறைய எடுத்து அப்படியே தட்டில் வைப்பார். அன்றிலிருந்து கரண்டியைச் சோற்றுக்குள் விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து, "பாதியா முழுசா அம்மிணி?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்க ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நொடியில்தான் நமக்கு எவ்வளவு பசிக்கிறது என்று நாமே யோசிக்கிறோம். பாதி என்று சொன்னவர்களில் நிறையப் பேர் மறுபடி வந்து இன்னொரு பாதி வாங்கிச் சாப்பிட்டார்கள். நன்றாக வயிறாரச் சாப்பிட்டார்கள், டிரம்முக்குப் போவதுதான் குறைந்தது. இரண்டு மாதத்தில் எடை இருபது கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது.

அந்த மிச்சம் எங்கே போகும் என்பதையும் சொல்லவேண்டும். வழக்கமாகப் பன்றி வளர்ப்பவர் ஒருவர் வண்டியோடு வந்து எடுத்துப்போவார். அவர் வராத நாட்களில் எல்லாக் குப்பையோடும் சேர்ந்து அதுவும் லாரியில் போய்விடும். கோவையின் குப்பை வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து எரிந்து, சுற்றி இருந்த மக்கள் புகையில் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சோறும் சாம்பாரும் பிளாஸ்டிக்கோடு கலந்து, மேலே மேலே குப்பை விழுந்து, காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற வாயு, எரியவும் எரியும். 2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பெரிய எண்ணை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், அதோடு சரி. அவர்கள் மெஸ்ஸின் டிரம்மை நிறுத்துக் காட்டினால் மறுநாள் ஏதாவது செய்கிறார்கள். இது நான் பார்த்து உணர்ந்தது.

இளநிலைப் படிப்பில் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் பாடம் உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னதன் தொடர்ச்சியாக வந்த பாடம் அது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஓசோன் படலத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோம், ஆனால் நம் விடுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தெரியாது. என் மாணவர்களிடம் முதல் வாரமே இதைக் கேட்பேன். போர்வெல்லா, மாநகராட்சிக் குழாயா, லாரியா? போய்க் கண்டுபிடித்து வரச் சொல்வேன்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்கிறேன். எங்கள் மாடியில் மூன்றாவது குளியலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. புகார் நோட்டில் "குழாய் ஒழுகுகிறது" என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. என் அறைத்தோழி ஒருநாள் ஒரு லிட்டர் மக்கை அதன் அடியில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மக் நிறைய இரண்டு நிமிடம் ஆனது. மணிக்கு 30 லிட்டர், ஒரு நாளைக்கு 720 லிட்டர். 15 லிட்டர் வாளியில் சொன்னால் 48 வாளி. "மூன்றாவது குளியலறையில் தினமும் 48 வாளி தண்ணீர் வீணாகிறது" என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே பிளம்பர் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போனார். 2019-ல் சென்னை வறண்டு கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்களே, அதில் ஒரு வேகனுக்குச் சுமார் 50,000 லிட்டர். எங்கள் மூன்றாவது குளியலறைக் குழாய் எழுபது நாள் ஒழுகினால் ஒரு வேகன் காலி.

இதற்கெல்லாம் யாரும் ஒரு பைசா செலவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மாணவர்களிடம் பணம் கிடையாது. ஆனால் இயற்கையோடு வாழ்வது என்றதும் அவர்களுக்குக் காட்டப்படுவது மூங்கில் பல்துலக்கி, ஸ்டீல் உறிஞ்சுகுழல், துணிப்பை என்று வாங்கும் சாமான்களாகவே இருக்கின்றன. வீட்டில் பழைய துணிப்பை பத்து இருக்கும்போது பதினொன்றாவதாக இலை படம் போட்ட பை எதற்கு? மாணவருக்குப் பலம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முந்நூறு பேர் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்து, ஒரே கட்டடத்தில் தூங்கும் வாழ்க்கை அதற்கு அப்புறம் அவர்களுக்கு அமையப்போவதில்லை. இங்கே ஒரு பழக்கத்தை மாற்றினால் முந்நூறால் பெருக்கிக்கொள்ளலாம்.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். அறையைப் பூட்டிவிட்டு ஒன்பதிலிருந்து நாலு மணிவரை வகுப்புக்குப் போகும்போது அதை அணைக்காமல் போனால் அரை யூனிட். நூறு அறை என்றால் ஒரு நாளைக்கு 50 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், ஆளே இல்லாத அறைகளுக்குக் காற்று வீசுவதற்காக மட்டும் தினம் 35 கிலோ. விடுதியில் ஃபேன் பழுதாகி மாற்றும்போது மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் வகை வாங்கச் சொல்லிக் கேளுங்கள், 30 வாட் அளவில் அதே காற்று வரும். ஆர்.ஓ. இயந்திரத்தையும் போய்ப் பாருங்கள். சாதாரண இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பினால் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றத் தாராளமாகப் போதும். செடிக்கு மட்டும் அதை அப்படியே ஊற்றவேண்டாம், உப்பு அதிகம்.

துறைகளிலும் இப்படி ஒன்றிரண்டு விதிகள் மாறவேண்டியிருக்கிறது. கடைசி ஆண்டு புராஜெக்ட்டைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சடிக்கவேண்டும் என்று பல துறைகளில் இன்னும் சொல்கிறார்கள். 60 பேர், ஆளுக்கு 80 பக்கம், மூன்று பிரதி என்றால் 14,400 தாள். இரண்டு பக்கமும் அச்சடித்தால் பாதி போதும், 14 ரீம் மிச்சம், பிள்ளைகளுக்குச் செலவும் குறையும். துறைத்தலைவரிடம் ஒரே ஒரு கடிதம் கொடுத்துக் கேட்கவேண்டிய விஷயம் இது. ஆசிரியராக நான் சொல்கிறேன், பல இடங்களில் அந்த விதி ஏன் இருக்கிறது என்று அதைப் போட்டவர்களுக்கே நினைவிருக்காது.

சிம்போசியம் பேனர் இன்னொன்று. ஒவ்வொரு ஆண்டும் புதிய ஃபிளெக்ஸ், அதில் அந்த ஆண்டைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறோம், மறுநாள் அது குப்பை. எங்கள் துறைப் பிள்ளைகள் காடாத் துணியில் துறைப் பெயரை மட்டும் எழுதி, ஆண்டு போடாமல் விட்டார்கள். நாலாவது ஆண்டாக அதே துணி மேடையில் தொங்குகிறது. ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு நூற்றைம்பது பேருக்கு டி-ஷர்ட் அடிக்கும் முன் அதையும் யோசிக்கச் சொல்வேன்.

டீக்கடை பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் இருக்கிறது. கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் ஓடும் பாத்திரம். அதை விட்டுவிட்டுப் பேப்பர் கப் கேட்கிறோம். அந்தக் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் ஒன்று. டம்ளர் சுத்தமாக இல்லை என்று தோன்றினால் வெந்நீரில் அலசித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

பெண்கள் விடுதியில் இருந்தவள் என்பதால் நாப்கின் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை யாராவது வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும். மூடி போட்ட குப்பைத் தொட்டிகூட இல்லாத குளியலறையை வைத்துக்கொண்டு, கழிப்பறைக் குழாய் அடைத்துக்கொண்டது என்று பிள்ளைகளைத் திட்டுவது நியாயமே இல்லை. முதலில் தொட்டி வையுங்கள், தாளில் சுற்றித் தனியாகப் போட வசதி செய்யுங்கள், அதை எடுக்கும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை கொடுங்கள். மாதவிடாய்க் கப் ஒன்று வாங்கினால் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் உழைக்கும், பழகியவர்களுக்கு நிம்மதி. ஆனால் அது அவரவர் உடம்பு, அவரவர் விருப்பம். தண்ணீர் ஒழுங்காக வராத விடுதியில் இருக்கும் பெண்ணிடம் போய், பூமிக்காக நீ கப்புக்கு மாறு என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஏப்ரல் மாதம். விடுதியைக் காலி செய்யும் நாளில் வராந்தாவைப் பார்த்திருக்கிறீர்களா? வாளி, மக், ஹேங்கர், பாய், தலையணை, லேப் கோட், பாதி எழுதிய நோட்டு, எல்லாம் குவிந்து கிடக்கும். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகமுடியாது, விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து இதே சாமான்களைக் கடையில் புதிதாக வாங்குவார்கள். இடையில் இருப்பது இரண்டே மாதம். எங்கள் காலத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து அடுக்கிப் பூட்டிவிட்டுப் போனோம். ஜூனில் முதலாண்டுப் பெண்கள் வந்து காசில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். போகும்போது திருப்பி வைக்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வாளிகள் மாறிப்போகாமல் இருக்க அவரவர் பெயரை நகப்பூச்சில் எழுதிக்கொண்டார்கள்.

போன வருஷம் செய்முறைத் தேர்வு எடுக்க அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ராத்திரி விடுதியிலேயே தங்கச் சொன்னார்கள். குளியலறையில் ஒரு பச்சை வாளி இருந்தது. அதன் பக்கவாட்டில் சிவப்பு, ரோஸ், ஊதா என்று ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு பெயர்கள், மேலே இருந்தவை பாதி அழிந்திருந்தன, ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. கைப்பிடி உடைந்துபோய் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.