1986-ஆம் ஆண்டின் பாக்கி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் குடியேற்றச் சட்ட அமலாக்கத்தை எதிர்த்து நடக்கும் போராட்டங்களை அங்குள்ள பழமைவாதிகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். நம் செய்தித்தாள்களைப் படிக்கிறவர்களுக்கு அந்தத் தரப்பு பெரும்பாலும் டிரம்ப்பின் முகமாக மட்டுமே தெரியும். அதற்குப் பின்னால் நாற்பது வருடக் கணக்கு ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால்தான் அவர்கள் கோபத்தில் எது நியாயம், எங்கே அது தடம் புரள்கிறது என்று சொல்ல முடியும்.

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. 'ஐஸ்' என்று எல்லோரும் சொல்கிற குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையின் ஆட்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு துணி நிறுவனத்துக்குள் புகுந்தார்கள். வெஸ்ட்லேக் பகுதியில் ஹோம் டிப்போ கடை வாசலிலும் ஆட்களைப் பிடித்தார்கள். ஹோம் டிப்போ என்பது பெயிண்ட், பலகை, குழாய் எல்லாம் விற்கும் பெரிய கடை. விடிந்ததும் அதன் கார் நிறுத்துமிடத்தில் கூலியாட்கள் வந்து காத்திருப்பார்கள். கூரை மாற்றவோ சுவர் பூசவோ ஆள் தேடி வருகிறவர் வண்டியை ஓரம் கட்டுவார். கூலி பேசுவது ஜன்னல் வழியாகவே முடிந்துவிடும். இரண்டு பேர் ஏறிக்கொள்வார்கள், வண்டி கிளம்பிவிடும். உன்னிடம் வேலை செய்யும் அனுமதி இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அப்புறம் போராட்டம் வெடித்தது உங்களுக்குத் தெரியும். ஞாயிறன்று வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லாத கார்கள் எரிந்தன. கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் வேண்டாம் என்று சொல்லியும் வழக்கமாக மாநில ஆளுநரின் கீழ் இருக்கும் நேஷனல் கார்டு படையை டிரம்ப் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். முதலில் 2,000 பேர், பிறகு 4,000, கூடவே 700 மரைன் வீரர்கள். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சருக்குச் சமமானவர் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மேயர் கேரன் பாஸ் இரவு ஊரடங்கு போட்டது நகர மையத்தில் சுமார் ஒரு சதுர மைலுக்குத்தான். நகரத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 500 சதுர மைல். ஆனால் தொலைக்காட்சியில் பார்த்தவருக்கு ஊரே எரிவது போலத்தான் இருந்தது.

பழமைவாதிகள் மனதில் அந்த வாரத்திலிருந்து தங்கிவிட்ட படம் ஒன்று உண்டு. எரியும் கார், புகை, அதன் நடுவே உயர்த்திப் பிடித்த மெக்சிகோ கொடி. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பாதே என்று போராடுகிறாயோ, அந்த நாட்டின் கொடியை ஏன் தூக்குகிறாய்? கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. போராட்டக்காரர்களிலேயே அனுபவசாலிகளுக்கு அதன் வலிமை தெரியும். 1994-இல் ஆவணமில்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடமும் அரசு மருத்துவமும் கிடையாது என்ற 187-ஆம் முன்மொழிவு கலிஃபோர்னியாவில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது, அதை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸில் பெரிய பேரணி நடந்தது. மெக்சிகோ கொடிகள் நிறையப் பறந்தன. முன்மொழிவு சுமார் 59 சதவீத ஓட்டில் வென்றது. பிற்பாடு நீதிமன்றம் அதைத் தடுத்தது வேறு கதை. 2006-இல் லட்சக்கணக்கானோர் திரண்டபோது, அமெரிக்கக் கொடியைக் கொண்டுவாருங்கள் என்று அமைப்பாளர்களே சொல்ல வேண்டி வந்தது.

மறுபக்கத்தின் பதிலும் நேர்மையானதுதான். கொடி பிடித்தவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அது பிடிபட்ட அப்பா அம்மாவின் கொடி. செயின்ட் பேட்ரிக் திருநாளில் அயர்லாந்துக் கொடி பிடிப்பவரை யாரும் துரோகி என்பதில்லை. இரண்டையும் கேட்டபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: பண்பாட்டுப் போர் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான் வேலை செய்கிறது. சட்டம், கூலி, வேலை என்று பேச வேண்டிய ஒரு விஷயத்தை நீ யார் பக்கம் என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறது. மாறிய பிறகு யாரும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

திறந்து பார்ப்போம். 1986-இல் குடியரசுத் தலைவர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் இரண்டு பாதி. ஒரு பாதியின்படி, உள்ளே இருந்த ஆவணமில்லாதவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வத் தகுதி கிடைத்தது. மறு பாதியின்படி, இனிமேல் ஆவணமில்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை. முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதி பெயருக்குத்தான் நடந்தது. 'தெரிந்தே' என்ற அந்த ஒரு நிபந்தனை போதும். காட்டிய அட்டை பார்வைக்குச் சரியாக இருந்தால் முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். போலி அட்டை அச்சடிப்பவர்களுக்குத் தொழில் பெருகியது. இருபது வருடத்தில் ஆவணமில்லாதவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது.

ஒரு வியாபாரத்தில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பாக்கியை வசூலிக்க முடியாமல் நிற்கிறவர் மறுபடி கடன் கொடுப்பாரா? 2006, 2007, 2013 என்று ஒவ்வொரு முறையும் சமரச மசோதா வந்தபோது பழமைவாதிகள் முறைத்துக்கொண்டது இதனால்தான். 2013-இல் செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றிய மசோதாவைக் கீழவை எடுத்துக்கொள்ளவே இல்லை. முதலில் அமலாக்கம், பிறகு மன்னிப்பு என்பது அவர்கள் முடிவாகிவிட்டது. இதை வெறும் இனவெறி என்று சொல்லித் தாண்டிப் போகிறவர்கள் 1986-ஐப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பார்பரா ஜோர்டன் இனவெறியரா? டெக்சாஸின் கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சிக்காரர், குடிமை உரிமைகளுக்காக வாழ்ந்தவர். தொண்ணூறுகளில் குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய அவரே, வரத் தகுதியுள்ளவர் வர வேண்டும், தகுதியில்லாதவரைத் தடுக்க வேண்டும், இருக்கக் கூடாதவர் வெளியேற வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அப்புறம் டெக்சாஸ் எல்லையில் ஸ்டார் கவுண்டி. மக்களில் ஏறத்தாழ எல்லோரும் மெக்சிக வம்சாவளியினர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த அந்த இடம் 2024-இல் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டது.

வரிசையில் நின்று வருகிறவர்களுக்கு நியாயம் வேண்டும் என்ற வாதம் நம் வீடுகளுக்கும் எட்டியதுதான். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால், எச்-1பி விசாவில் போன நம் பிள்ளைகள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த விஷயத்தில் பழமைவாதிகள் பக்கம் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் 2024 டிசம்பரில் அந்தப் பக்கமே இரண்டாகப் பிளந்தது. எச்-1பி வேண்டும் என்று மஸ்க்கும் விவேக் ராமசாமியும், கூடவே கூடாது என்று டிரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் தரப்பும் சண்டை போட்டார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற உத்தரவும் வந்தது. சட்டப்படி வரிசையில் வந்தவர்களுக்கும் இந்தக் கோபம் எல்லைக்கோடு போடாது என்பதை நம்மவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி நான் அவர்களோடு முரண்படும் இடம். அமெரிக்கப் பழமைவாதத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று சட்டம் ஒழுங்கு. மற்றொன்று மத்திய அரசின் கையைக் கட்டிவைப்பது. 1997-இல் பிரிண்ட்ஸ் வழக்கில், மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றும்படி மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்குக் கட்டளையிட வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா தீர்ப்பெழுதினார். பழமைவாதிகள் அதைக் கொண்டாடினார்கள். இன்று 'ஐஸ்' துறைக்கு உள்ளூர் போலீஸ் உதவாது என்று சொல்லும் நகரங்கள் அதே தீர்ப்பின் மீதுதான் நிற்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் அந்த வழக்கத்தைத் தொடங்கியவரும் இடதுசாரி அல்ல. 1979-இல் 40-ஆம் சிறப்பாணையைக் கொண்டுவந்தவர் டேரில் கேட்ஸ், கடுமைக்குப் பேர்போன போலீஸ் தலைவர். பயத்தில் சாட்சி சொல்ல யாரும் வராவிட்டால் குற்றவாளியைப் பிடிக்க முடியாது என்பது போலீஸ்காரரின் நடைமுறை அறிவு.

ஆளுநர் கேட்காமல் நேஷனல் கார்டைக் குடியரசுத் தலைவர் இறக்கியது அதற்கு முன் கடைசியாக 1965-இல். அலபாமாவின் செல்மாவில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காகப் பேரணி போனவர்களைக் காக்க ஜான்சன் செய்தது. மாநில உரிமை என்று பல தலைமுறையாகப் பேசியவர்கள் 2025-இல் கைதட்டினார்கள். முகமூடி அணிந்த அதிகாரிகளைப் பற்றிக் கேட்டால், அதிகாரிகளின் குடும்பங்களுக்கு மிரட்டல் வருகிறது என்கிறார்கள். அந்தப் பயம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயரும் முகமும் தெரியாத ஒரு மத்திய அரசு ஆள் தெருவில் ஒருவரை வண்டியில் ஏற்றுவதை ஏற்றுக்கொள்ளும் பழமைவாதம் எனக்குப் புரியவில்லை. டிரம்ப்பின் குடியரசுக் கட்சியிலேயே இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். டிரம்ப்புக்காக லத்தீன் பெண்களைத் திரட்டிய ஃபுளோரிடா மாநில செனட்டர் இலியானா கார்சியா, நாங்கள் ஓட்டுப் போட்டது இதற்கல்ல என்று 2025 ஜூனிலேயே சொன்னார். 2026 ஜனவரியில் மினியாபொலிஸில் மத்திய அமலாக்கப் படையினர் சுட்டு அமெரிக்கக் குடிமக்கள் இருவர் இறந்தார்கள். ஒருவரிடம் அனுமதி பெற்ற துப்பாக்கி இருந்தது. துப்பாக்கியோடு அதிகாரிகளை நெருங்கினால் சுடுவது நியாயமாகிவிடும் என்ற தொனியில் ஒரு மத்திய அரசு வழக்கறிஞர் எழுதியபோது, அது ஆபத்தானது, தவறு என்று மறுத்தது யார் தெரியுமா? துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு ஒன்று. பாக்கி வைத்தவர் கூலியாள் அல்ல, வேலை கொடுத்தவர். 2025 மே மாதம் ஒரு நாளைக்கு 3,000 கைது என்று வெள்ளை மாளிகையிலிருந்து இலக்கு வந்தது. ஜூன் நடுவில், நல்ல தொழிலாளிகள் பறிபோகிறார்கள் என்று விவசாயிகளும் ஹோட்டல் முதலாளிகளும் முறையிடுவதாக டிரம்ப்பே எழுதினார். பண்ணைகளிலும் ஹோட்டல்களிலும் சோதனை நின்றது. சில நாளில் மறுபடி தொடங்கியது. கேட்கப்பட்டது முதலாளிகளின் குரல். பிடிபட்டது தொழிலாளி.

வேலைக்கு வருபவரின் தகுதியைக் கணினியில் சரிபார்க்க 'இ-வெரிஃபை' என்ற ஏற்பாடு தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. அரிசோனா 2007-இல் அதைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது அமெரிக்க வர்த்தக சபை, 2011-இல் தோற்றது. 2023-இல் ஃபுளோரிடா 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் கட்டாயம் என்றது. அதே வருடம் கீழவையில் குடியரசுக் கட்சி நிறைவேற்றிய எல்லைப் பாதுகாப்பு மசோதாவிலும் நாடு முழுமைக்கும் அது கட்டாயம் என்று இருந்தது. செனட்டும் வெள்ளை மாளிகையும் அப்போது எதிர்க்கட்சியின் கையில் இருந்ததால் அது சட்டமாகவில்லை. 2025-இல் மூன்றும் அவர்கள் கைக்கு வந்தன. ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய சட்டத்தில் தடுப்பு முகாம்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எல்லா முதலாளிகளுக்கும் இ-வெரிஃபை கட்டாயம் என்ற வரி அதில் இல்லை.