"கிளையைத் தொடாதே தம்பி!" | புத்துப்பட்டு ஐயனார் காடு

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டை, நம் மொட்டை மாடிதான். நேற்று விடியற்காலை நான்கரைக்கே கிளம்பி, ஈசிஆரில் சுமார் 140 கிலோமீட்டர் பைக் ஓட்டி, விழுப்புரம் மாவட்டம் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய் வந்தேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் உடம்பில் இருக்கிறது.

காசிமேடு வீடியோவில் ட்ரைபாட் கால் உடைந்ததே, ஞாபகம் இருக்கா? புதுசு 1,800 ரூபாய் என்றார்கள், நான் வாங்கவில்லை. அதனால் கேமராவை ஒரு கிளையில் கட்டலாம் என்று கயிற்றை எடுத்தேன். விளக்கு விற்கிற அம்மா ஒருவர் தூரத்தில் இருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, கிளையைத் தொடாதே, சாமி குத்தம்!" உடைக்கவில்லை அம்மா, கட்டத்தான் போகிறேன் என்றேன். "கட்டினாலும் குத்தம்தான்." அப்புறம் அவரே எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை நீட்டினார். இப்போது ஓடுகிற காட்சி முழுக்க அந்த முக்காலி மேல் வைத்து எடுத்ததுதான். கொஞ்சம்கூட ஆடவில்லை, பாருங்கள்!

அந்த அதட்டல்தான் காட்டுக்கு வேலி. இந்தக் கடற்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட மாதங்களிலும் இலை உதிராமல் பச்சையாகவே நிற்கிற காடு, விறகுக்கும் வயலுக்கும் வீட்டுமனைக்கும் போய், இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். அதில் நல்ல துண்டுகள் பல இப்படி ஏதோ ஒரு சாமியின் காலடியில்தான் பிழைத்திருக்கின்றன. உள்ளே காயா மரம் அவ்வளவு இருக்கிறது! பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. நம் பக்கம் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

ஆ, போன வாரமே சொல்ல நினைத்து விட்டுப்போனது: திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு, 5 ஹெக்டேர்கூட முழுசாக இல்லை. அதை 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது அங்குள்ள செடி, மரம், உயிர்களுக்காகச் சட்டப்படி காக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது. ஊர் மக்கள் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடம். சட்டம் அப்புறம்தான் வந்தது.

இதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, எங்கள் தெருக்கோடிக் கோயிலைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, அடிமரம் வரை டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்கும்? இத்தனைக்கும் பக்கத்துத் திருவொற்றியூரில், நாயன்மார் சுந்தரர், தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்து கொடுத்ததே மகிழ மரத்தடியில்தான். மரத்தைச் சாட்சியாக மதித்த ஊர்ப்பக்கம் இது!

ஞாயிற்றுக்கிழமை நிர்வாகத்தாரிடம் பேசப் போகிறேன். மரத்தைச் சுற்றி நான்கு அடிக்காவது டைல்ஸைப் பெயர்க்க வேண்டும், கூலியை நானே தருகிறேன் என்று கேட்பேன்.