விட்டுக்கொடுப்பது யாருக்காக?

நடுவர் ஐயா அவர்களே, அசனச் சாப்பாடு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் மார்த்தாண்டம் பக்கத்துச் சபை மக்களே, எல்லாருக்கும் வணக்கம். கிறிஸ்தவ வாழ்வில் மேலோங்க வேண்டியது சுதந்திரமா, அன்பா என்பது தலைப்பு. நான் அன்பின் பக்கம்.

எதிரணித் தம்பி, மார்பை மறைக்கும் மேல்சீலை உடுத்தும் உரிமைக்காக நம் பாட்டிமார் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். சந்தையில் சீலையைக் கிழித்தபோதும் நம் பாட்டிமார் பின்வாங்கவில்லை. 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா அறிக்கை விட வேண்டி வந்தது. "அடுத்தவர் மனசு நோகுமே என்று அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால்?" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அப்போஸ்தலன் பவுல் இதற்கு நடந்தே காட்டியிருக்கிறார்.

எருசலேமில் பவுலின் உடன் ஊழியனான தீத்துவுக்கு விருத்தசேதனம், அதாவது நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு, செய்யச் சொல்லிச் சிலர் நெருக்கினார்கள். பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. அதே பவுல் இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு, அவன் ஊர்ப் பக்கத்து யூதர்களை நினைத்துத் தாமே அதைச் செய்தார். சடங்கு ஒன்றுதான். மிரட்டிக் கேட்டவர்களுக்கு மாட்டேன் என்றார். நற்செய்தி கேட்க வேண்டியவர்களுக்காக இறங்கி வந்தார். நம் பாட்டிமார் நின்றது மிரட்டலுக்கு முன்னால். அங்கே விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. மருமகள் தலையில் ஒரு முழம் பூவைப் பார்த்தாலே "எனக்கு இடறலாயிருக்கு" என்பவர்கள் சபையில் உண்டு. இடறல் என்றால் இன்னொருவர் பாவத்தில் விழ நாம் காரணமாவது. அது இடறல் இல்லை, எரிச்சல். அந்தப் பூவைப் பார்த்து அவர்கள் யாரும் விழப்போவதில்லை. இந்தக் குழப்பத்தில் நம் பெண்பிள்ளைகளை எவ்வளவு வாட்டிவிட்டோம்!

இடறல் எப்படியிருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அம்மா காலத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் ஒயின் போடுவோம். பரணியில் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை. வாயைத் துணியால் கட்டி, தினமும் அகப்பையால் கிண்டிவிட வேண்டும். அதில் ஒரு வாய் குடிப்பது பாவமா என்று கேட்டால், இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்வேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் வெட்டுகிறவர். குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் நீட்டியதுபோல அவருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன். வாங்கியவர் குடிக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். பால்கறை பிடித்த பெருவிரல் கிளாஸின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரியவில்லை. "சும்மா குடிங்க அண்ணா, வெறும் திராட்சைதானே" என்றேன்.

புத்தாண்டு ஆராதனைக்கு அண்ணி பிள்ளைகளோடு தனியாக வந்தார்.

விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்ன, பவுல் கடிதம் எழுதிய கொரிந்து சபையாருக்கு உரிமை இருந்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அவர்களுடைய அறிவும் சரிதான். ஆனால் பலவீனமுள்ள சகோதரனைக் காட்டி, "அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே" என்று பவுல் எழுதுகிறார். அந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்தவள்தான் நான். அந்தக் கிளாஸை நீட்டியபோது அது என் நினைவில் இல்லை.

அந்தப் பரணியில் இப்போது உப்புமாங்காய் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சுக்குக்காப்பிதான். அண்ணன் திரும்ப எழும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் ஐயா. நன்றி.